வாயிற்பொறியைக் கடந்து செல்லும் கட்டளை

தொலைவிலுள்ள கணிப்பொறி ஒன்றிற்கு வீட்டிலிருந்தபடியே கட்டளையிட்டு அதன் விடையைப் பெறுதல் நம் மாணாக்கர் பலர்க்கும் கைவந்த செயலாயிற்று. ஆயினும் அக்கட்டளை நேரே செல்ல வழியின்றி, நடுவே வேறொரு பொறியைக் கடந்து செல்ல வேண்டியவிடத்து நிகழ்வது யாது? அந்நடுப்பொறி நாம் சொல்லியதைக் கேட்கின்றதா? கேட்குமாயின், அதனை மாற்றவும் வல்லதா? நம் திறவுகோலைக் கொண்டு நம் பெயராலேயே வேறிடம் புகவும் கூடுமா? இவ்வினாக்களை எழுப்பாமலே நாடோறும் இவ்வழியிற் போய்வருவோர் பலராதலின், இவ்விஷயத்தைச் சற்றே விரித்தெழுதத் துணிந்தோம்.

வாயில் என்பதன் பயனைப் பெரம்பூரில் வாழ்வோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. அவ்வாண்டிலேயே சென்னை ரயில்வேக் கம்பெனியார் பெரம்பூரில் தம் தொழிற்சாலையை நிறுவினர். 1955-இல் ஐ.சி.எஃப். எனப்படும் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் அதனருகே எழுந்தது. இத்தகைய தொழிற்சாலைகளினுள்ளே பட்டறைகள் பல. எனினும் ஒவ்வொரு பட்டறைக்கும் தெருவைப் பார்த்துத் தனிக் கதவு வைப்பாரில்லை. காவலுள்ள வாயிலிற் புகுந்தே உள்ளே எங்கும் செல்லல் வேண்டும். காக்க வேண்டிய கதவு குறையுந்தோறும் காவல் உறுதிப்படும் என்பது இதன் காரணம்.

கணிப்பொறிக் கூடங்களும் இவ்வாறே அமைக்கப்படுகின்றன. பெரம்பூரில் ஒரு வீட்டிலிருக்கும் மாணவன் ஒருவன் தன் கல்லூரிக் கூடத்திலுள்ள கணக்கிடும் பொறி ஒன்றினை அணுக விரும்புகின்றான் என்று கொள்வோம். அப்பொறிக்கு வெளியுலகம் அறிந்த முகவரி இல்லை. கூடத்தின் உள்வலையில் மட்டுமே வழங்கும் முகவரியே உண்டு. வெளியுலகத்தை நோக்கித் திறந்திருப்பது ஒரே பொறி. அதனை வாயிற்பொறி என்றும், உள்ளேயிருப்பதனை உட்பொறி என்றும், மாணவன் கையிலிருப்பதனை வீட்டுப்பொறி என்றும் இவ்வியாசம் முழுதும் வழங்குவோம். வீட்டுப்பொறியிற் பிறந்த கட்டளை வாயிற்பொறியைக் கடந்து உட்பொறியில் நிறைவேறல் வேண்டும். விடையும் அவ்வழியே மீளல் வேண்டும்.

இதற்கு இக்காலத்துப் பெரும்பாலும் கைக்கொள்ளப்படும் கருவி எஸ்.எஸ்.எச். என்பது. இதற்கு முன் வழங்கிய டெல்நெட், ஆர்.எஸ்.எச். முதலிய கருவிகள் கடவுச்சொல்லையும் கட்டளையையும் மறைப்பின்றி வெட்டவெளியாகவே அனுப்பிவந்தன. வழியில் ஒட்டுக்கேட்பவன் எவனும் அவற்றை எழுதிக்கொள்ளலாம். 1995-இல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் இவ்வாறே கடவுச்சொற்கள் களவுபோயின. அங்கு ஆராய்ச்சி செய்துவந்த தாத்து யுலோனென் என்பார் அதனைக் கண்டு, மறைமொழியிற் பேசும் இக்கருவியை அவ்வாண்டிலேயே இயற்றி வெளியிட்டார். 1999-இல் ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்பதனை வெளியிட்டனர். இன்று நம் மாணவர் கையாள்வது பெரும்பான்மையும் இதுவே. இனி நாம் கூறுவனவும் இதனைப் பற்றியனவே.

நடுவே ஒருவரை வைத்துச் செய்தி அனுப்பும் முறை இரண்டு வகைப்படும். இவ்வேற்றுமையைத் தந்தியின் வரலாறு நன்கு விளக்குவதாகும். 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட காலத்து, கல்கத்தாவினின்று சென்னைக்கு வரும் செய்தி ஆக்ரா, பம்பாய் என்னும் நகரங்களைச் சுற்றியே வந்துசேர்ந்தது. நடுவிலுள்ள தந்தி ஆபீசில் அமர்ந்த குமாஸ்தா, வந்த குறிகளை எழுத்தாக்கி, அவ்வெழுத்தைப் பார்த்து மறுபடியும் அடுத்த ஊருக்கு அனுப்புவார். அவர் செய்தியை முழுதும் அறிவார். ஓரெழுத்தைப் பிழைபட எழுதினால் அப்பிழையே அடுத்த ஊருக்குச் செல்லும். இஃது ஒரு வகை. பின்னர் ரிலே என்னும் மின்காந்தக் கருவியை நடுவே வைத்து, தளர்ந்துவரும் மின்னோட்டத்தைப் புதுப்பித்து மேலே செலுத்தும் ஏற்பாடு பரவிற்று. அங்கே எழுதுவோரும் இல்லை, திரும்பத் தட்டுவோரும் இல்லை. இது மற்றொரு வகை. கடற்கரையை அடுத்த வர்த்தகர்கள் சங்கேதப் புத்தகம் வைத்துக்கொண்டு, குமாஸ்தாவுக்குப் பொருள் விளங்காத சொற்களால் தந்தி கொடுத்ததும் உண்டு. ஆனால் இரகசியத்தைக் காட்டிலும் சொல்லுக்கு இத்தனை என்று விதித்த கட்டணத்தைக் குறைப்பதே அவர்தம் முதல் நோக்கம் என்பதையும் மறைத்தற்கில்லை. இந்தியாவில் தந்திப் பணி 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்றுபோயிற்று. எனினும் குமாஸ்தாவா, ரிலேயா என்னும் வினா இன்றைய மாணவன் முன்னும் அவ்வாறே நிற்கின்றது.

குமாஸ்தா முறையை முதலிற் காண்போம். வீட்டுப்பொறியினின்று எஸ்.எஸ்.எச். மூலம் வாயிற்பொறியை அடைந்து, அதனிடம் "நீ எஸ்.எஸ்.எச். மூலம் உட்பொறியை அடைந்து இக்கட்டளையைக் கூறுவாயாக" என்று சொல்வது இம்முறை. கற்பதற்கு எளிது, ஆதலால் யாவரும் முதலிற் பழகுவதும் இதுவே. இங்கு மறைமொழித் தொடர்பு ஒன்றன்று, இரண்டு. வீட்டிலிருந்து வாயில் வரை ஒன்று. வாயிலிலிருந்து உள்ளே ஒன்று. நடுவே, வாயிற்பொறியின் நினைவகத்தில், மறைப்பு நீங்கி நம் சொல் வெளிப்படையாகக் கிடக்கின்றது. அப்பொறியை ஆளும் உரிமை பெற்றவர், அன்றி அவ்வுரிமையைத் திருடியவர், அதனைப் படிக்கலாம். உட்பொறிக்கு நாம் தட்டும் கடவுச்சொல்லும் அவர் கண்ணிற்படும்.

இனி, மறைவைப் பொருட்படுத்தாதவரும் அஞ்சவேண்டிய குறை ஒன்று இதிலுண்டு. கட்டளை வரியைப் படித்துப் பொருள்கொள்ளும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஷெல் ஒரு வரியைப் படிக்கும்போது மேற்கோட்குறிகளை உரித்துவிட்டு உள்ளேயுள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளும். எஸ்.எஸ்.எச். தனக்குக் கிடைத்த சொற்களை வெற்றிடம் இட்டு ஒரே வரியாகக் கோத்து எதிர்ப்புறத்திற்கு அனுப்பும். எதிர்ப்புறத்து ஷெல் அவ்வரியை மறுபடியும் படித்து மறுபடியும் பிரிக்கும். ஆகவே நேரே ஒரு பொறிக்கு அனுப்பும் கட்டளையே இருமுறை படிக்கப்படுகின்றது. குமாஸ்தா முறையில் அது மும்முறை படிக்கப்படும்: வீட்டில் ஒன்று, வாயிலில் ஒன்று, உள்ளே ஒன்று.

இதனால் விளையும் கேட்டினை ஓர் உதாரணத்தாற் காட்டுவோம். உட்பொறியில் "மலர்" என்றொரு கோப்புறையும், "பழைய மலர்" என்று நடுவே வெற்றிடமுள்ள பெயர்கொண்ட மற்றொரு கோப்புறையும் இருக்கின்றன. முன்னதில் இவ்வாண்டுக் கட்டுரைகள். பின்னதில் சென்ற ஆண்டின் கழித்த படிகள். கழித்ததை நீக்க எண்ணிய மாணவன், நீக்கும் கட்டளையை எழுதி, "பழைய மலர்" என்பதனை முறைப்படி மேற்கோட்குறிக்குள்ளேயே அடைத்து அனுப்புகின்றான். வீட்டு ஷெல் குறிகளை உரித்துவிடுகின்றது. உள்ளே சேரும்போது "பழைய", "மலர்" என்று இரண்டு பெயர்களாகவே சேர்கின்றன. "பழைய" என்று ஒன்றும் இல்லை. அதனைப் பற்றி ஒரு முறையீடு திரையில் தோன்றும், அல்லது தோன்றாமலும் போகலாம். "மலர்" என்று ஒன்று உண்டன்றோ? அஃது ஒழிந்தது. கட்டளையை எழுதியவன் பிழைபட எழுதவில்லை. படித்தவர் தொகையே மிகுதி. ஓர் அடுக்குக் குறி போதாதென்று கண்டு இரண்டடுக்கு இட்டால் நேரே செல்வதற்கு அது பொருந்தும்; குமாஸ்தா முறைக்கு அதுவும் போதாது. மூன்றடுக்குக் குறிகளைப் பிழையின்றி எழுதுவதோ புலமை மிக்கோரையும் தடுமாறச் செய்வது.

நட்சத்திரக்குறியும் இவ்வாறே ஏமாற்றும். உட்பொறியிலுள்ள கோப்புக்களின் பெயர்களாக விரியவேண்டிய அக்குறி, காப்பில்லாவிடின், வழியிலேயே வாயிற்பொறியிலுள்ள பெயர்களாக விரிந்துவிடும். இதனினும் வேடிக்கையானது அரைப்புள்ளி. இரண்டு கட்டளைகளை அரைப்புள்ளியாற் பிரித்து, அவ்விரண்டையும் ஒரே மேற்கோளில் அடைத்து அனுப்பினால், வாயிற்பொறியின் ஷெல் அவ்வரைப்புள்ளியைக் கண்டு முதற் கட்டளையை மட்டுமே உள்ளே அனுப்பும். இரண்டாவதனைத் தானே நிறைவேற்றும். பெரம்பூருக்குச் சீட்டு வாங்கியவர் இருவருள் ஒருவர் பேசின் பிரிட்ஜிலேயே இறங்கிவிட்டது போலாம் இது. பொறியின் பெயரைக் கேட்கும் கட்டளையாயின் நகைத்து விடலாம். பொறியை நிறுத்தி மறுபடி தொடங்கும் கட்டளையாயின், கூடத்திலுள்ளார் அனைவர்க்கும் வாயில் அடைபடும்.

ரிலே முறையை இனி ஆராய்வோம். இதில் வாயிற்பொறியிடம் நாம் கட்டளை ஒன்றும் கூறுவதில்லை. "உட்பொறியின் 22-ஆம் துறைக்கு ஒரு வழி திறந்துவிடுக" என்று மட்டும் வேண்டிக்கொள்கின்றோம். அது வழியைத் திறந்தபின், வீட்டுப்பொறி அவ்வழியினூடே உட்பொறியோடு தானே நேராகக் கைகொடுத்துப் பேசி, புதிய மறைமொழித் தொடர்பு ஒன்றை ஏற்படுத்திக்கொள்கின்றது. ஒரு குழாயினுள்ளே மற்றொரு குழாயைச் செலுத்தியது போல்வது இது. வாயிற்பொறி உள்குழாயின் புறத்தை மட்டுமே காணும். எவர் வந்தார், எந்த உட்பொறிக்கு வழி கேட்டார், எவ்வளவு நேரம், எவ்வளவு எழுத்து என்பன அதற்குத் தெரியும். என்ன சொன்னார் என்பது தெரியாது. தந்தி ரிலேயைக் காட்டிலும் இது மேம்பட்டது. ஏனெனில் தந்திக் கம்பியில் காது வைத்தவனுக்கு மோர்ஸ் ஒலி விளங்கும், இங்கே காது வைத்தாலும் பயனில்லை.

இம்முறை ஒருநாளில் எளிதாயினதன்று. தொடக்கத்தில் நெட்கேட் என்னும் வேறொரு சிறு கருவியை வாயிற்பொறியில் ஓட்டி, அதன் வழியே எழுத்துக்களைக் கடத்தி வந்தனர். 2010-இல் வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 5.4 பதிப்பு பெரிய டபிள்யூ என்னும் எழுத்து விருப்பத்தால் அவ்வேலையைத் தானே செய்யத் தொடங்கிற்று. 2016-இல் வெளிவந்த 7.3 பதிப்பில் பெரிய ஜே என்னும் எழுத்தும், அமைப்புக் கோப்பில் எழுதத்தக்க பிராக்ஸிஜம்ப் என்னும் சொல்லும் சேர்க்கப்பட்டன. இப்போது கட்டளையின் முன்னே சிறுகோடு, ஜே, வாயிற்பொறியின் பெயர் ஆகிய இவற்றை எழுதி, பின்னர் உட்பொறியின் பெயரையும் செய்யவேண்டியதனையும் எழுதினாற் போதும். வாயில்கள் இரண்டு மூன்றாயின் அவற்றின் பெயர்களைக் காற்புள்ளியிட்டு வரிசையாக எழுதலாம். வாயிற்பொறியின் ஷெல் கட்டளையைப் படிப்பதே இல்லையாதலின், மும்முறை வாசிப்பு இருமுறையாகக் குறைகின்றது. அரைப்புள்ளியும் நடுவழியில் இறங்காது.

பயில்வோர் இடறும் இடம் இரண்டு. கட்டளை வரியில் எழுதும் பிற விருப்பங்கள் கடைசிப் பொறிக்கே உரியன, வாயிற்பொறிக்கு அல்ல. வாயிலுக்கு வேறு பயனர் பெயரோ வேறு திறவுகோலோ வேண்டுமாயின், அமைப்புக் கோப்பில் அதற்கெனத் தனிப்பகுதி எழுதிவைத்தலே நன்று. மற்றொன்று, உட்பொறியின் பெயரைத் தேடி முகவரி காண்பது வீட்டுப்பொறியன்று, வாயிற்பொறியே. வீட்டில் அப்பெயர் விளங்கவில்லையே என்று கலங்க வேண்டுவதில்லை; வாயிலில் விளங்கினாற் போதும்.

திறவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டுவது பலவுண்டு. உயிர்நிலை இதுவேயாதலின் இங்குச் சிறிது தாமதிப்போம். குமாஸ்தா முறையில் வாயிற்பொறியே உட்பொறியின் கதவைத் தட்டுவதால், திறவுகோல் அங்கே இருத்தல் வேண்டும். சிலர் தம் அந்தரங்கத் திறவுகோலின் படி ஒன்றை வாயிற்பொறியிலேயே வைத்துவிடுகின்றனர். பலர் கூடும் சத்திரத்தில் வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டிவைப்பதற்கு இஃது ஒப்பாகும். இதனை அறிந்தோர் திறவுகோலை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, ஏஜெண்ட் என்னும் துணைநிரலை வாயிற்பொறி வரையில் நீட்டிவிடுகின்றனர். உட்பொறி கேட்கும் கேள்விக்கு வீட்டிலுள்ள ஏஜெண்ட் கையெழுத்திட்டு விடையனுப்பும். திறவுகோல் தானே இடம்பெயர்வதில்லை. ஆராயாதவர்க்கு இது முற்றும் பாதுகாப்பானதாகவே தோன்றும். ஆனால் அவ்வாறு நீட்டப்பட்ட வழியின் வாய் வாயிற்பொறியில் திறந்திருக்கின்றது. அப்பொறியின் முழு உரிமை பெற்ற ஒருவன், நாம் இணைந்திருக்கும் நேரமெல்லாம், அவ்வாயின் மூலம் நம் ஏஜெண்டிடம் தனக்கு வேண்டிய கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு, நம் திறவுகோல் ஏற்கப்படும் எப்பொறியினுள்ளும் நம் பெயராற் புகலாம். சாவியை அவன் எடுத்துச் செல்லமாட்டான். சாவி பிடித்த நம் கையையே பற்றித் திருப்புவான்.

இஃது எங்கள் கற்பனையன்று. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மேட்ரிக்ஸ் என்னும் செய்திப் பரிமாற்றத் திட்டத்தாரின் பொறிகளில் அன்னியர் புகுந்தமை வெளியாயிற்று. ஜென்கின்ஸ் என்னும் மென்பொருளின் திருத்தப்படாத பழம்பதிப்பு வழியே ஒரு பொறியைப் பிடித்தவர், அங்கு நீட்டப்பட்டிருந்த ஏஜெண்டின் வாயைக் கைப்பற்றியே மற்றப் பொறிகளுக்குட் சென்றனர். திட்டத்தார் தம் சேவைகளை நிறுத்தி, பொறிகளைப் புதிதாகக் கட்டியெழுப்ப நேர்ந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், நீட்டப்பட்ட ஏஜெண்டின் மூலம் வீட்டுப்பொறியிலேயே அன்னியர் தம் நிரலை ஓட்டக்கூடிய குற்றம் ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டு, 9.3பி2 பதிப்பிற் களையப்பட்டது. 2022-இல் வந்த 8.9 பதிப்பு முதல், ஒரு திறவுகோல் இன்ன வழியாக இன்ன பொறிக்கே செல்லும் என்று வரையறுத்து ஏஜெண்டிடம் ஒப்படைக்கும் வசதியும் உண்டு. ஆயினும், ரிலே முறை கைக்கெட்டும்போது ஏஜெண்டை நீட்டுவதற்கு யாது அவசியம் என்பதே எம் கேள்வி. ரிலே முறையிற் கையெழுத்து வீட்டுக்கும் உட்பொறிக்கும் நேரே நடைபெறுகின்றது; வாயிற்பொறி கேட்பதற்கு ஒன்றுமில்லை.

வாயிலைக் காப்போர்க்கும் இம்முறை நன்மையே பயக்கும். வருவோர்க்கு அங்கே ஷெல்லே கொடாமல், குறித்த உட்பொறிகளுக்கு வழிதிறக்கும் உரிமை மட்டும் கொடுத்துவிடலாம். பர்மிட்ஓப்பன் என்னும் விதியால் இன்ன பொறி, இன்ன துறை என்று வரையறுக்கவும் கூடும்.

ஆனால் வாயிற்பொறி வஞ்சகர் கைப்பட்டதாயின், நாம் கேட்ட உட்பொறிக்கு வழிவிடாமல், அதனைப் போல நடிக்கும் வேறொரு பொறிக்கு நம்மைத் திருப்பலாமன்றோ? திருப்பலாம். இதற்காகவே ஒவ்வொரு பொறிக்கும் அடையாளமான பொதுத் திறவுகோலை வீட்டுப்பொறி எழுதிவைத்துக்கொள்கின்றது. மறுமுறை அது வேறுபடின் உரத்து எச்சரித்து நின்றுவிடுகின்றது. அபாயம் முதல் நாளிலேயே உள்ளது. முதன்முறை செல்லும்போது எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் இல்லாமையால், "இவ்வடையாளம் உண்மையானதா?" என்று நம்மையே கேட்கும். மாணவர் நூற்றுவருள் எத்தனைபேர் அதனைப் படித்துப் பார்த்து "ஆம்" என்று தட்டுகின்றனர் என்பதை ஆசிரியர் எவரையேனும் கேட்டறிக. கூடத்தின் பொறுப்பாளரிடம் அத்திறவுகோலின் சுருக்கத்தை வேறு வழியாகக் கேட்டுப் பெற்று ஒப்பிடுதலே முறை. அவ்வாறே, "அடையாளம் மாறிவிட்டது" என்னும் எச்சரிக்கையைக் கண்டவுடன் பழைய குறிப்பை அழித்துவிட்டு மேற்செல்வதும் தகாது. பொறியைப் புதுப்பித்தமையால் மாறியதா, வேறு காரணமா என்று விசாரித்த பின்னரே அழித்தல் வேண்டும்.

நீண்ட கட்டளைகளை அனுப்புவோர்க்கு ஒரு வழி கூறுவோம். இருமுறை வாசிப்பையும் தவிர்க்க விரும்பினால், செய்யவேண்டியவற்றையெல்லாம் வீட்டிலேயே ஒரு கோப்பில் எழுதிக்கொண்டு, உட்பொறியில் ஷெல்லை மட்டும் எழுப்பி, அக்கோப்பினை அதன் உள்ளீடாகப் பாய்ச்சிவிடலாம். உள்ளீடாகப் பாய்வதனை வழியிலுள்ளார் எவரும் பிரித்துப் படிப்பதில்லை. எழுதியது எழுதியபடியே சென்று ஒருமுறையே படிக்கப்படும். மேற்கோட்குறி ஒன்றே போதும். "பழைய மலர்" பழைய மலராகவே சேரும். எஸ்.எஸ்.எச். இவ்வாறு உள்ளீட்டை விழுங்கும் இயல்புடையதாதலின், பொறிகளின் பெயர்ப்பட்டியலை வரிவரியாகப் படித்து ஒவ்வொன்றிற்கும் கட்டளை அனுப்பும் சுழற்சியில் அது பட்டியலின் மிச்சத்தையும் விழுங்கிவிடும். முதற் பொறியோடு வேலை நின்றுபோம். சிறிய என் என்னும் எழுத்தைச் சேர்த்தால் அது வாயை மூடிக்கொள்ளும்.

விடை மீளும் வகையையும் அறிதல் வேண்டும். உட்பொறியில் கட்டளை முடிந்தவுடன் அதன் வெளியீடு ஒரு வழியாகவும், பிழைச்செய்தி மற்றொரு வழியாகவும் வந்துசேரும். முடிவில் ஓர் எண்ணும் வரும். 0 ஆயின் கட்டளை இனிது முடிந்தது. வேறெண்ணாயின் கட்டளையில் ஏதோ குறையுண்டு. 255 ஆயின் பெரும்பாலும் குறை கட்டளையிலன்று, வழியிலேயே: வாயிலில் அனுமதி கிடைக்கவில்லை, அல்லது இணைப்பு நடுவே அறுந்தது. இவ்வெண்ணைப் பாராமல் அடுத்த கட்டளைக்குச் செல்லும் நிரல்களை நம் மாணவர் எழுதலாகாது.

இணைப்பு நடுவே அறுந்தவிடத்துத்தான் உண்மையான இக்கட்டு. கட்டளை உள்ளே சேர்வதற்கு முன் அறுந்ததா, நிறைவேறிய பின் விடை வரும்போது அறுந்ததா என்பதனை வீட்டிலிருந்து பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. இரண்டிற்கும் எண் 255-தான். பணம் செலுத்தும் கட்டளை, பெயர் சேர்க்கும் கட்டளை, நீக்கும் கட்டளை ஆகியவற்றை உடனே மறுபடியும் அனுப்பினால் இருமுறை நடந்துவிடவும் கூடும். ஆகவே முதலில் உட்பொறியின் நிலையை மட்டும் கேட்கும் தீங்கற்ற கட்டளை ஒன்றை அனுப்பி, முந்தியது நடந்ததா என்று கண்டபின்னரே மீண்டும் அனுப்புக. மணிக்கணக்காக ஓடும் வேலையாயின், டீமக்ஸ் போன்ற நிரலின் உள்ளே அதனை உட்பொறியிலேயே தொடங்கிவிடலாம். பெரம்பூரில் மின்சாரம் போனாலும் அவ்வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்தபின் அவ்வாயில் வழியே மறுபடியும் சென்று, விட்ட இடத்திற் பார்த்துக்கொள்ளலாம்.